தங்கள் படம் பன்னிரண்டு வீதம் ஏறியுள்ளது

மத்திய மலைநாட்டு ஒளிப்படப் பகிர்வு அதிகாரசபை என்று ஒன்று கண்டியில் இருப்பது, தன் வீட்டுச் சுவர் வெடிக்கும்வரை மோகனராஜுக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருந்தால் அவன் இன்னும் நாலு கிலோ கூடுதலாக இருந்திருப்பான்.

அதிகாரசபையின் வேலை 'மலையழகு' என்ற இணையத்தளத்தை நடத்துவது. நீர்வீழ்ச்சி, பனிமூட்டம், பறவை என்று மக்கள் எடுத்த படங்களை அதில் ஏற்றுவார்கள். மற்றவர்கள் பார்த்துவிட்டு இதயம் போடுவார்கள். இதைக் கவனித்துக்கொள்ள ஒரு பணிப்பாளர், மூன்று உதவிப் பணிப்பாளர்கள், பதினேழு உத்தியோகத்தர்கள், ஒரு பியோன். போன வருட மழையில் மலைச்சரிவுகள் அசையத் தொடங்கியபோது, சேதமடைந்த வீடுகளின் படங்களை மக்களிடமிருந்து பெற ஓர் இணையத்தளம் தேவைப்பட்டது. படம் ஏற்றும் பொத்தான் ஏற்கெனவே இருக்கும் தளம் இதுதான் என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து வெடித்த சுவர்களும் நீர்வீழ்ச்சிகளும் ஒரே பக்கத்தில் வரத் தொடங்கின. சில சுவர்களுக்கு நிறைய இதயங்கள் விழுந்தன.

மோகனராஜ் கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், அலவத்துகொட மர்சூக் ஹாஜியாரின் ஹாட்வெயார் கடையில் பெயின்ட் கலப்பவன். வீடு கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்ற வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா. பின்சுவரில், அடுப்புக்கு நேர் மேலே, விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் மலை. இந்தப் பக்கம் மனைவி நிலூஷாவும் நாலு வயது மகளும். தோட்டத்தில் ஒரு பழைய குவார்ட்டர்ஸ் காலியாகக் கிடந்தது. அதன் சாவி கிளாக்கர் ஐயாவின் மேசை லாச்சியில் இருந்தது. வீடு ஆபத்தானது என்று ஒரு கடிதம் கொண்டுவந்தால் அன்றைக்கே சாவி தருவதாக அவர் சொல்லிவிட்டார். கடிதம் தரவேண்டியவர் கட்டடப் பரிசோதகர். பரிசோதகர் மலையேற வேண்டுமென்றால் சுவரின் படம் தளத்தில் முழுசாக ஏறியிருக்க வேண்டும். மோகனராஜுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு படம்தான்.

படத்தை எடுத்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்பக்கம் நின்று பொத்தானை அமுக்கினான். திரை வெள்ளையாகியது. பத்து நிமிடம் பார்த்தான், வெள்ளையாகவே இருந்தது. மறுபடி அமுக்கினான். ஐந்தாவது தடவை அமுக்கியபோது, போனது ஐந்து படமா, ஒன்றுமே போகவில்லையா என்ற சந்தேகம் வந்து கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அதிகாரசபைக்குப் போனான். விறாந்தையில் இருநூறு பேர் நின்றார்கள். எல்லாரும் பொத்தானை அமுக்கியவர்கள். பொன்னையா என்ற பியோன் ஒவ்வொருவரிடமும் பெயர் எழுதிய துண்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய், கணினியைப் பார்த்துவிட்டு வந்து "வந்துருச்சு" என்றோ "வரல" என்றோ சொன்னார். இருபத்தோராம் நூற்றாண்டின் அந்த இணையத்தளத்தில் படம் போனதா என்று அறிய இருந்த ஏற்பாடு பொன்னையாவின் இரண்டு கால்கள்தான்.

மோகனராஜின் முறை வந்தபோது பொன்னையா உதட்டைப் பிதுக்கினார். படம் பாதியில் நிற்கிறதாம். எவ்வளவு பாதி என்று இவன் கேட்டான். பாதி என்றால் பாதிதான், அதற்கு மேல் தன் கண்ணுக்குத் தெரியாது என்றார் அவர்.

வெளியே ஆலோசனைப் பெட்டி ஒன்று தொங்கியது. வந்த கோபத்தில் மோகனராஜ் ஒரு துண்டில் எழுதிப் போட்டான்: 'படம் எவ்வளவு போயிருக்கு என்று காட்ட ஒரு கோடு வைத்தால் நாங்கள் வேலையைக் கெடுத்துக்கொண்டு இங்கே வரத் தேவையில்லை.' ஆலோசனைப் பெட்டி வருடத்துக்கு ஒருமுறைதான் திறக்கப்படும். கெட்ட நேரம், அந்த வருடத்துக்கான நாள் அடுத்த நாளாக இருந்தது. பெட்டியில் இருந்த ஒரே துண்டும் அவனுடையதாக இருந்தது.

பத்தாம் நாள் பதிவுத் தபால் வந்தது. 'ஏற்ற நிலை காட்டும் கோடு தொடர்பான உயர்மட்டக் குழு'வுக்குப் பொதுமக்கள் பிரதிநிதியாக அவனை நியமித்திருந்தார்கள். நிலூஷா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, அப்படியென்றால் சாவி எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். இந்தக் கதையில் யாருமே பதில் சொல்லாத கேள்வி அது.

முதல் கூட்டத்தில் இளங்கோ என்ற ஒப்பந்தக் கணினிக்காரன் எழுந்து, அப்படியொரு கோடு போட அரை மணித்தியாலம் போதும் என்றான். அந்தக் கூற்று கூட்ட அறிக்கையில் 'பொறுப்பற்றது' என்ற குறிப்புடன் பதிவாகியது. அதற்குப் பிறகு பணிப்பாளர் யோகேந்திரன் பேசினார். முப்பது வருடம் அரச சேவையில் இருந்து, ஒரு கோப்பைக்கூடத் தொலைக்காதவர். எந்தக் கோப்பும் அவருடைய மேசையை விட்டுப் போனால்தானே தொலைவதற்கு?

"நான் ஒண்டு கேக்கிறன்," என்றார் அவர். "இப்ப சனத்துக்கு ஒண்டும் தெரியாது. தெரியாதபடியால் எங்களை ஒருத்தரும் குறை சொல்லுறதில்லை, தங்கட போனைத்தான் குறை சொல்லுகினம். பதினாலு வீதம் போயிருக்கு எண்டு நாங்கள் காட்டினால், மிச்சம் எண்பத்தாறும் எங்கை எண்டு கேப்பினம். அந்த எண்பத்தாறுக்கு நாங்கள் ஆயத்தமோ?"

ஆயத்தமில்லை என்பதில் குழுவுக்குக் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. ஆயத்தமாவதற்காக மேலும் ஆறு கூட்டங்கள் நடந்தன. ஒவ்வொன்றுக்கும் மோகனராஜ் அரைநாள் லீவு போட்டு, பிளேன்டீயும் இரண்டு மாரி பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தான். வீட்டில் வெடிப்பு அடுப்புக்கு மேலிருந்து ஜன்னலை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தது.

இரண்டு கூட்டங்கள் நிறத்துக்கே போயின. பச்சை ஒரு கட்சி, நீலம் இன்னொரு கட்சி, சிவப்பு வேறொன்று, ஊதாவும் அண்மையில் யாரோ எடுத்துக்கொண்டார்கள். பெயின்ட் கலப்பவன் என்பதால் மோகனராஜிடம் நிபுணர் அபிப்பிராயம் கேட்டார்கள். எந்தக் கட்சியும் சாம்பல் நிறம் கேட்டுக் கடைக்கு வந்ததில்லை என்று அவன் உண்மையைச் சொன்னான். சாம்பல் ஏகமனதாக நிறைவேறியது. கோட்டுக்குப் பின்னால் உள்ள வெறும் இடத்துக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்தால் பாரபட்சமாகிவிடும் என்று ஓர் உதவிப் பணிப்பாளர் சொன்னதால் அதற்கும் அதே சாம்பல் கொடுக்கப்பட்டது. அப்படியானால் கோடு எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாதே என்று இளங்கோ கேட்டான். அது இரண்டாவது பொறுப்பற்ற கூற்று.

உண்மையான வில்லங்கம் ஐந்தாவது கூட்டத்தில் வந்தது. தகவல் உத்தியோகத்தர் வதனா ஒரு சுற்றறிக்கையோடு வந்திருந்தார். அதிகாரசபையின் விதிப்படி, பொதுமக்களுக்கு எந்தத் தகவல் கொடுப்பதானாலும் அதைத் தகவல் உத்தியோகத்தர்தான் கொடுக்கவேண்டும். எழுத்தில் விண்ணப்பம் வாங்கி, பதினாலு வேலை நாட்களுக்குள். படம் எவ்வளவு போயிருக்கிறது என்பது தகவல். அதை ஒரு கோடு, கையொப்பமுமில்லாமல் இறப்பர் முத்திரையுமில்லாமல், கேட்டவுடன் கொடுப்பது எப்படி?

குழு அதிர்ந்துபோனது. இவ்வளவு பெரிய முறைகேட்டுக்குள் காலை வைக்கப் பார்த்தோமே என்று பணிப்பாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். முடிவில் எல்லோரும் ஏற்கும் ஏற்பாடு ஒன்று பிறந்தது. கோடு இருக்கும். ஆனால் அது நகர்வதற்கு முன் தகவல் உத்தியோகத்தர் சம்பந்தப்பட்டவருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பார். ஒரு கடிதத்தில் பன்னிரண்டு வீதத்துக்கு மேல் அறிவிப்பதில்லை, அதற்கு மேல் கொடுத்தால் மக்கள் பழகிவிடுவார்கள். கடைசியில் நூறு என்று சொல்லும் அதிகாரம் பணிப்பாளருக்கு மட்டும்.

"படம் அதுக்கு முந்தியே போய்ச் சேந்துட்டா?" என்று இளங்கோ கேட்டான்.

கடிதம் பன்னிரண்டு என்று சொல்லும்போது படம் நூறில் இருந்தால் அது அதிகாரசபையைப் பொய்யனாக்கும் செயல் என்று வதனா விளக்கினார். ஆகவே கடிதம் போகும்வரை படத்தைப் பன்னிரண்டிலேயே நிறுத்தி வைக்கவேண்டும். இவ்வாறாக, முன்பு போனால் நாலு நிமிடத்தில் போய்விடும் படம், இனிமேல் பௌர்ணமிதோறும் வரும் போயா விடுமுறைகளையும் சேர்த்து எட்டு மாதத்தில் போகும்படி ஒழுங்கு செய்யப்பட்டது. ஏற்கெனவே பாதியில் நின்ற படங்கள் எல்லாம் நீதியின் பொருட்டு பூச்சியத்துக்குக் கொண்டுவரப்பட்டன.

கூட்டம் முடிந்து இளங்கோ மோகனராஜைப் படியில் பிடித்தான். இரகசியமாக ஏற்றிவிடலாம் என்று தான் நினைத்ததாகவும், ஆனால் நேற்று மூன்று உதவிப் பணிப்பாளர்களுக்கும் மூன்று கடவுச்சொல் கொடுத்துப் பூட்டிவிட்டார்கள் என்றும், மூவரும் ஒரே நாளில் ஆபீசுக்கு வந்த வரலாறு இல்லை என்றும் சொன்னான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மோகனராஜ் அவனுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தான்.

திறப்பு விழா சுபநேரத்தில் நடந்தது. மேடையில் இருபதடி நீளத்துக்குச் சாம்பல் துணி கட்டி, அதன்மேல் இன்னொரு சாம்பல் துணியை இரண்டு உத்தியோகத்தர்கள் மேளம் முழங்க இழுத்துக்கொண்டு போனார்கள். அறுபது வீதமளவில் பிரதம விருந்தினர் வேறொரு விழாவுக்குப் போகவேண்டியிருந்ததால் எல்லோரும் அறுபதுக்கே கைதட்டினார்கள். பணிப்பாளர் தன் உரையில், இதுவரை மக்கள் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் காத்திருந்தார்கள், இனி எவ்வளவு காலம் காத்திருக்கவேண்டும் என்று தெரிந்து காத்திருப்பார்கள், இதுவே நல்லாட்சி என்றார். அதற்கும் கைதட்டினார்கள். மோகனராஜும் தட்டினான். பக்கத்தில் எல்லோரும் தட்டும்போது கை சும்மா இருக்காது.

மூன்று வாரம் கழித்து முதல் கடிதம் வந்தது. 'தங்கள் படம் பன்னிரண்டு வீதம் ஏறியுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறேன். இந்நிலை இக்கடிதம் தயாரிக்கப்பட்ட திகதிக்கு உரியது. ஏற்றம் நிறைவுறும்வரை படத்தில் காணப்படும் பொருளின் நிலையை எவ்விதத்திலும் மாற்றலாகாது.'

"என்னத்த மாத்தக்கூடாதாம்?" என்று நிலூஷா கேட்டாள்.

"சுவத்த."

அவள் சுவரைப் பார்த்தாள். சுவர் இந்த விதியைப் படித்ததாகத் தெரியவில்லை. அன்று சாயந்தரம் அவள் மகளின் பென்சிலை எடுத்து, வெடிப்பு முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுத் திகதி எழுதினாள். நாலு நாள் கழித்து வெடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டியபோது இன்னொரு கோடு. பிறகு இன்னொன்று. இருபத்துநாலு வீதக் கடிதம் வந்தபோது சுவரில் ஏழு கோடுகள் இருந்தன. மழை பெய்கிற நாட்களில் அவர்கள் பாயைத் தூக்கிக்கொண்டு, பகலில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குப் படுக்கப் போனார்கள். காலையில் சமைக்க மட்டும் திரும்பி வருவார்கள். அடுப்பு அங்கேதானே இருக்கிறது.

முப்பத்தாறு வீதத்தில் பணிப்பாளரே வீட்டுக்கு வந்தார். ஆண்டறிக்கையின் அட்டைக்கு 'முதல் பயனாளி'யுடன் ஒரு படம் தேவைப்பட்டது. வதனாவும் உதவிப் பணிப்பாளர்களும் சேறு படாமல் கல்லுக்குக் கல் தாவி ஏறி வந்தார்கள். நிலூஷா இருந்த ஒரே கதிரையைப் பணிப்பாளருக்குப் போட்டுவிட்டு, வந்த காலோடு சுவரைப் பாருங்கள் என்று காட்டினாள். பணிப்பாளர் பார்த்தார். வெடிப்பை அல்ல, பென்சில் கோடுகளை.

"இது என்ன?"

"வெடிப்பு எந்தெந்தத் தேதியில எவ்வளவு போயிருக்குன்னு, சேர்," என்றாள் நிலூஷா. "பாத்த ஒடனே வெளங்கும்."

பார்த்தவுடன் விளங்கும் என்பதுதான் பிரச்சினை. வதனா குனிந்து திகதிகளைப் படித்தார். அவை அந்தந்த நாளிலேயே எழுதப்பட்டிருந்தன. பதினாலு நாள் இடைவெளி எதிலும் இல்லை. விண்ணப்பம் இல்லை, கையொப்பம் இல்லை. அதிகாரசபை கோடு நடத்திக்கொண்டிருக்கும்போது, அதே பொருள் பற்றி ஒரு குடும்பப் பெண் இணையாக இன்னொரு கோடு நடத்துகிறார்.

"பிள்ளை, நீங்கள் தெரியாமல் செய்திருப்பியள், நான் கோவிக்கேல்லை," என்றார் பணிப்பாளர் மிகுந்த அன்போடு. "ஆனால் உங்கட சுவர் எங்களை விடக் கெதியா தகவல் குடுக்குது. நாளைக்கு ஒவ்வொரு சுவரும் இப்பிடி வெளிக்கிட்டால் எங்கட அதிகாரசபை எதுக்கு?"

பயனாளியின் படத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். படத்தில் சுவர் விழாமல் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் குழு கூடி, அந்த வெடிப்பைத் தலை முதல் கால்வரை நீளவாக்கில் அறிவித்தல்கள் ஒட்டி மறைக்கவேண்டும் என்று தீர்மானித்தது. அறிவித்தலின் வாசகம்: 'இச்சுவரில் தகவல் வழங்குதல் தடைசெய்யப்பட்டுள்ளது.' கீழே பெரிய வட்ட முத்திரை. இந்தப் பணிக்கு மூன்று உத்தியோகத்தர்கள் நியமிக்கப்பட்டார்கள். மூவருக்கும் மலையேற முடியாத மூன்று காரணங்கள் இருந்தன. மூவரும் 'ஒட்டப்பட்டது' என்று கோப்பில் கையொப்பமிட்டுவிட்டு, அறிவித்தல் கட்டைப் பொன்னையாவின் கையில் திணித்தார்கள்.

பொன்னையா பஸ் ஏறி வந்தார். ஒரு வாளியில் பசை கொண்டுவந்திருந்தார். சுவரையும் பின்னால் நிற்கிற மலையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரே ஓர் அறிவித்தலை எடுத்து, வெடிப்பு அகலமாக இருந்த இடத்தில் குறுக்கே வைத்து, இரண்டு ஓரத்துக்கும் பசையை அள்ளிப் பூசி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். மிச்சக் கட்டைப் பத்திரமாகத் திருப்பிக் கட்டினார். நிலூஷா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, போகும்போது ஒன்று மட்டும் சொன்னார்.

"காலையில எந்திரிச்சதும் மொதல்ல இந்தக் கடதாசியப் பாருங்கம்மா. மூஞ்சி கழுவுறதுக்கு முந்தி பாருங்க."

அவள் ஒவ்வொரு காலையும் பார்த்தாள். பத்து நாள் அறிவித்தல் சும்மா இருந்தது. பதினோராம் நாள், மழை விட்ட ஒரு காலையில், சமைப்பதற்காகப் பிள்ளைக்காம்பராவிலிருந்து வந்து கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அறிவித்தல் நடுவால் கிழிந்திருந்தது. 'தடைசெய்' ஒரு பக்கம், 'யப்பட்டுள்ளது' இன்னொரு பக்கம். வட்ட முத்திரை இரண்டு பிறையாகப் பிரிந்து, நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அவள் அரிசிப் பானையை மட்டும் எடுத்தாள், பிள்ளையை இடுப்பில் தூக்கினாள், பக்கத்துக் காம்பராக்காரர்களையும் சத்தம் போட்டுக் கிளப்பினாள்.

பத்து மணிக்குப் பின்சுவர் அடுப்பின்மேல் விழுந்தது. மற்ற நாட்களில் பத்து மணிக்கு அவள் அந்த அடுப்புக்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள், மகள் பக்கத்தில் விறகு எண்ணிக்கொண்டிருப்பாள். கடையில் இருந்தபடி போனில் இதைக் கேட்ட மோகனராஜ், கலந்துகொண்டிருந்த பெயின்ட் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். பயத்தினால்தான் அழுதான், அதை மறைக்கவும் இல்லை.

அன்று மத்தியானமே கிளாக்கர் ஐயா லாச்சியைத் திறந்தார். சுவரே இல்லாதபோது சுவர் ஆபத்தானது என்று கடிதம் எதற்கு என்று கேட்டு, சாவியை நிலூஷாவின் கையில் வைத்தார். மறுநாள் தபாலில் நாற்பத்தெட்டு வீதக் கடிதம் வந்தது.

மோகனராஜ் கிழிந்த அறிவித்தலின் ஒரு பாதியைச் சுருட்டிக்கொண்டு அதிகாரசபைக்குப் போனான். விறாந்தையில் பொன்னையா துண்டு வாங்கிக்கொண்டிருந்தார். இவனைக் கண்டதும் வரிசையை விட்டு வந்தார்.

"கிழிஞ்சிருச்சா?"

"கிழிஞ்சிருச்சு."

"புள்ள?"

"நல்லா இருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

பொன்னையா கண்ணை மூடித் திறந்தார். "நீளத்துக்கு ஒட்டச் சொன்னாங்க, தம்பி," என்றார். "நாந்தான் குறுக்க ஒட்டினேன்." பிறகு வரிசைக்குத் திரும்பிப் போய், "வரல" என்று யாருக்கோ சொன்னார்.

உள்ளே பணிப்பாளரின் மேசையில் விஷயம் ஏற்கெனவே கோப்பாகியிருந்தது. ஏற்றம் நிறைவுறுமுன் படத்திலுள்ள பொருளின் நிலை மாற்றப்பட்டதால் மோகனராஜின் விண்ணப்பம் ரத்து. வேண்டுமானால் இடிபாட்டைப் படமெடுத்துப் பூச்சியத்திலிருந்து தொடங்கலாம். மோகனராஜ் வேண்டாம் என்றான். வந்த காரியம் வேறு என்று சொல்லி, அறிவித்தலின் பாதியை மேசையில் விரித்தான். இது கிழிந்ததால்தான் தன் மனைவியும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறார்கள், அதிகாரசபைக்கு நன்றி என்றான். மனதாரத்தான் சொன்னான்.

பணிப்பாளரின் முகம் வெளுத்தது. வதனா பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப இது தகவல் குடுத்திருக்கு," என்றார் பணிப்பாளர் மெதுவாக. "எங்கட முத்திரையோடை. விண்ணப்பம் இல்லாமல். அண்டைக்கே."

மூன்று உத்தியோகத்தர்களும் அழைக்கப்பட்டார்கள். தானே ஒட்டியதாக நேற்றுவரை மூவரின் கையொப்பமும் கோப்பில் இருந்தது. இன்று மூவரும் அந்த மலை எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாது என்றார்கள். அதுதான் அவர்கள் எழுதியதிலும் பேசியதிலும் முதல் உண்மை. பணிப்பாளர் மோகனராஜின் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் நேரிலை கண்டிருப்பியள். ஆர் இதைக் குறுக்காலை ஒட்டினது?"

திறந்திருந்த கதவு வழியாக விறாந்தை தெரிந்தது. பொன்னையாவின் முதுகு தெரிந்தது. இப்போது தனக்கு இவர்களிடமிருந்து ஒன்றுமே தேவையில்லை என்பது மோகனராஜுக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. சாவி நிலூஷாவிடம் இருக்கிறது. அவன் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான்.

"நீங்க கேக்கிறது தகவல், சேர். எழுத்துல விண்ணப்பம் குடுங்க. பதினாலு வேலை நாள்ல சொல்றேன்."

வாசல்வரை போனவன் நின்று திரும்பினான்.

"மொதத் தடவ பன்னெண்டு வீதந்தான் சொல்லுவேன்."